கரை கடந்த இரு சொற்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்திற்குத் தெற்கே அமைந்துள்ள சிற்றூர்களுள் ஒன்று நெம்மேலி. கிழக்கே வங்கக் கடலும், கடலை ஒட்டி மீனவர் குப்பமும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதன் எல்லைகள். 2013ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அங்கே தொடங்கப்பட்ட பின்னரே அவ்வூரின் பெயர் பலருக்கும் அறிமுகமாயிற்று. ஆனால் சென்னைக்கு நன்னீர் தருவதற்கு நெடுங்காலம் முன்னரே, சோழமண்டலக் கரை எனப்படும் இக்கடற்கரை ஆங்கில மொழிக்குச் சில சொற்களைத் தந்துவிட்டது. அவற்றுள் ஒன்று கட்டுமரம். மற்றொன்று, குப்பத்திற்கும் ஊருக்கும் அப்பால் சேரியில் வாழ்ந்த மக்களின் பெயர். இவ்விரு சொற்களும் கடல் கடந்து சென்று என்னவாயின என்பதையும், அவ்வரலாறு திருமறையைப் போதிக்கும் நமக்கு எத்தகைய பொறுப்பை உண்டாக்குகிறது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாராய்ச்சியில் ஓர் எச்சரிக்கை

ஆங்கிலச் சொற்கள் பலவற்றிற்குத் தமிழே தாய் என்று காட்டும் ஆர்வம் நம்மிடையே மிகுந்திருக்கின்றது. ஓசை ஒத்திருந்தால் போதும், உறவு உறுதியாயிற்று என்று எண்ணிவிடுகிறோம். இது நெறியன்று. ஒரு சொல் ஒரு மொழியினின்று மற்றொன்றிற்குச் சென்றது என்று கூற வேண்டுமானால், யார் அதைக் கொண்டு சென்றனர், எக்காலத்தில், எவ்வெழுத்து வடிவில், எப்பொருளில் என்ற வினாக்களுக்கு விடை வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். அது நம் ‘காசு’ என்ற சொல்லே என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். உண்மை யாதெனில், அங்கே இரு சொற்கள் ஓருருவில் நிற்கின்றன. கையிலுள்ள ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களின் வழி வந்தது. சிறு செப்பு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்பதே போர்ச்சுக்கீசியர் வாயிலாகச் சென்ற நம் காசு. கும்பினியின் பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818ஆம் ஆண்டில் ரூபாய் முறை நிலைபெற்றபோது இக்காசு கணக்கேட்டினின்று மறைந்தது. பெட்டியிலிருந்து பிறந்த சொல்லே இன்றும் வழங்குகின்றது. சுருட்டு ‘செரூட்’ ஆனதும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதும், குருந்தக்கல் ‘கொரண்டம்’ ஆனதும் ஐயமற்றவை. அவற்றிற்குச் சான்று உண்டு. நாம் எடுத்துக்கொண்ட இரு சொற்களும் அவ்வாறு ஐயமின்றி நிறுவப்பட்டவையே.

கட்டுமரம் சென்ற வழி

கட்டுமரம் என்பது தன் பொருளைத் தானே உரைக்கும் பெயர். இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, முன்புறம் சற்றே மேல்நோக்கி வளையுமாறு பொருத்திக் கயிற்றால் கட்டுவர். கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவர். அதற்கு உள்ளறை இல்லை. ஆதலால் அதில் நீர் நிரம்பி மூழ்குவதும் இல்லை. அலை மேலே புரண்டு சென்றாலும் மரம் மிதந்துகொண்டேயிருக்கும். துறைமுகமற்ற, அலைமோதும் கரைக்கு இதனினும் ஏற்ற கலம் அரிது.

இதைக் கண்டு வியந்த ஐரோப்பியப் பயணிகள் பலர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கரைக்கு வந்த மருத்துவர் ஜான் ஃபிரையரும், 1697இல் தம் உலகப் பயண நூலை வெளியிட்ட வில்லியம் டாம்பியரும் ‘கேட்டமரான்’ என்ற சொல்லை ஆங்கில வாசகர்க்கு அறிமுகப்படுத்தினர். அவர்கள் எழுத்தில் அச்சொல் இக்கரையின் கட்டுமரத்தையே குறித்தது. பின்னர்ச் சொல் தன் பொருளைவிட்டு விலகத் தொடங்கிற்று. 1804இல் நெப்போலியனின் கப்பல்களை அழிக்க ஆங்கிலேயர் பூலோன் துறைமுகத்தின்மீது ஏவிய வெடிமருந்து மிதவைகளுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷாஃப் இரட்டை உடலுடைய பாய்க்கப்பல் ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டி வென்றார். அவ்வகைக் கலம் ‘கேட்டமரான்’ எனப்பட்டது. இரட்டைக் கலம் பசிபிக் தீவினரின் மரபு; தமிழரின் மரபன்று. எனினும் இன்று ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் எழுவது இரட்டைக் கலமேயன்றிக் கட்டிய மரமன்று. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சில் சண்டைக்காரப் பெண்ணையும் அச்சொல்லால் குறித்தனர். பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற ஒலி அதில் இருப்பதே காரணமாகலாம் என்பர் அகராதியார்.

இங்கே பொருள் மாறிற்று. ஆயினும் எவருக்கும் இழுக்கு நேரவில்லை. கயிறு அவிழ்ந்து மரம் வேறானது போன்ற மாற்றம் இது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் பெரும்பாலும் மறைந்து கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்ட இக்காலத்தில், பழைய பொருளை நினைவூட்டுவது வரலாற்று ஆர்வம் மட்டுமே. ஒரு சொல்லின் பொருளை வழக்கே தீர்மானிக்கின்றது என்ற மொழிநூல் விதி இங்கே தடையின்றிச் செல்லும். ஆனால் அடுத்த சொல்லுக்கும் அவ்விதி அப்படியே செல்லுமா?

பறையும் பறையரும்

பறை என்பது தமிழில் மிகத் தொன்மையான சொல். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துப் பறையையும் ஒன்றாக வைக்கின்றது. பறைதல் என்பதற்குச் சொல்லுதல், அறிவித்தல் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் பேசுதலைக் குறிக்கும் அன்றாடச் சொல் அதுவே. புறநானூற்றின் 335ஆம் பாடல், சிறந்த குடிகளென எண்ணும் நான்கனுள் பறையனையும் ஒருவனாக வைக்கின்றது. அப்பாடல் எழுந்த காலத்தில் அப்பெயரில் இழிவின் நிழல் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

பிற்காலத்தில் இப்பெயர் தாங்கிய மக்கள் நிலமற்றவர்களாய், பண்ணையடிமைகளாய், ஊருக்குப் புறம்பே வாழுமாறு ஒடுக்கப்பட்டனர். அந்நிலையிலேயே ஐரோப்பியர் அவர்களைக் கண்டனர். 1516ஆம் ஆண்டளவில் போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா தம் குறிப்பில் இப்பெயரைப் பதிவு செய்தார். 1613இல் சாமுவேல் பர்ச்சஸ் என்னும் ஆங்கிலத் திருப்பணியாளர் தொகுத்த பயண நூலில் அது ஆங்கிலத்தில் இடம்பெற்றது. பறையன் என்ற ஒருமையினின்று அன்று, பறையர் என்ற பன்மையினின்றே ‘பரையா’ என்ற ஆங்கில வடிவம் தோன்றிற்று. தமிழில் ‘அர்’ ஈறு பலரையும் குறிக்கும்; மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். அவ்வீற்றோடு சென்ற பெயரே அங்கே மதிப்பிழந்தவனைக் குறிக்கும் சொல்லாயிற்று.

சொல் திரிந்தது மூன்று படிகளில். முதற்படியில், ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெயரைச் சாதியமைப்பிற்கு வெளியே வைக்கப்பட்ட எல்லா மக்களுக்கும் ஐரோப்பியர் பொதுவாக்கினர். இரண்டாம் படியில், கும்பினி அலுவலரின் பேச்சில் அது எதனோடும் ஒட்டும் இழிவுச் சொல்லாயிற்று: தெருநாய் ‘பரையா நாய்’ எனவும், பருந்து ‘பரையா கைட்’ எனவும், மட்டமான சாராயம் ‘பரையா சாராயம்’ எனவும் வழங்கின. மூன்றாம் படியில், இந்தியாவோடு தொடர்பற்ற உருவகமாயிற்று. 1790களின் தொடக்கத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சென்-பியேர், உண்மையைத் தேடி அலையும் ஆங்கில அறிஞர் ஒருவர் அதனை ஒரு பறையரின் குடிசையில் கண்டடைவதாகக் கதை எழுதினார். 1821இல் காசிமிர் தெலவீன் இப்பெயரிலேயே ஒரு துன்பியல் நாடகம் இயற்றினார். இவர்கள் இரக்கத்தோடுதான் எழுதினர். ஆயினும் அவ்விரக்கமே ‘எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளை ஐரோப்பிய மொழிகளில் நிலைநாட்டிற்று.

பழைய ஏற்பாட்டு மாணவர் அறிந்த மாக்ஸ் வேபர், தொன்மை யூத சமயம் பற்றிய தம் ஆராய்ச்சியில் யூதரைப் ‘பரையா மக்கள்’ என்றே வகைப்படுத்தினார். 1944இல் ஹன்னா அரெண்ட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் யூதரை அப்பெயரால் குறித்தது. 2019இல் அமெரிக்கத் தேர்தல் விவாத மேடையில் ஜோ பைடன் சவூதி அரேபியாவைக் குறித்துக் கூறியதும் இச்சொல்லே. அவர்களுள் எவரும் செங்கற்பட்டுச் சேரிகளை நினைத்து அதனைக் கூறினரல்லர். உருவகம் முற்றுப்பெற்றுவிட்டது; பெயருக்குரிய மக்களோ மறக்கப்பட்டனர்.

ஆங்கிலேயரிடையேயும் இத்தவற்றை உணர்ந்தோர் இருந்தனர். ஹென்றி யூல், தஞ்சையில் நீதிபதியாயிருந்த ஏ. சி. பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து, பர்னலின் மறைவுக்குப் பின் 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் அகராதி, இப்பெயரின் மூலம் பறை என்பதைக் காட்டியதோடு, இதனை எல்லா ஒடுக்கப்பட்டோர்க்கும் ஐரோப்பியர் பொதுவாக வழங்குவது பிழையென்றும் குறித்தது. அகராதி திருத்தியும் வழக்கு திருந்தவில்லை.

செங்கற்பட்டில் நடந்தவை

ஐரோப்பாவில் இச்சொல் உருவகமாய் உலவிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், செங்கற்பட்டு மாவட்டத்தில் அப்பெயருக்குரிய மக்கள் குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்றி வாழ்ந்தனர். ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் மிஷனெரி ஆடம் ஆண்ட்ரு, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி முதலியோர் இதனை அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தனர். 1891இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் சமர்ப்பித்த அறிக்கை, மிராசுதாரர்கள் இம்மக்களுக்கு நிலம் கிட்டாதவாறு தடுத்துவந்த முறைகளை வெளிப்படுத்திற்று. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளைய அரசாணை இவர்களுக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. பஞ்சமி நிலம் என இன்று வழங்குவதன் தொடக்கம் இதுவே. அந்நிலங்களுள் பல கைமாறிப்போயின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அவற்றை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஒரு பெயர் எத்துணைச் சுமையைத் தாங்கியுள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அப்பெயரை என் செய்வது என்ற வினாவிற்கு, அம்மக்களின் தலைவர்களே மூன்று விடைகள் கூறினர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். தன் பெயரைத் தானே மறைப்பவன் உரிமை பெறமாட்டான் என்பது அவர் துணிபு. அயோத்திதாசப் பண்டிதரோ, அப்பெயர் பூர்வ பௌத்தர்மீது பகைவர் ஏற்றிய பழிப்பெயர் எனக் கூறி அதனை முற்றும் மறுத்தார்; 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா, சட்டமன்றத்தின் வழியே தீர்வு கண்டார்: அவர் முயற்சியால் 1922இல் அரசு ஆவணங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்பவற்றிற்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏற்கப்பட்டது.

மூவரும் வேறுபட்டனர், ஆனால் ஒன்றில் ஒன்றுபட்டனர். பெயரைப் பற்றிய முடிவு அப்பெயரைத் தாங்குவோருக்கே உரியது என்பதே அது. ஐரோப்பிய அகராதிகளில் சொல் திரிந்த முந்நூறு ஆண்டுகளில் ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை.

திருச்சபை இதில் கைகழுவ இயலாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டுமென்று சுற்றறிக்கை விடுக்க வேண்டிய நிலை இருந்தது. தனித்தனி இருக்கைகளும், திருவிருந்தில் முந்தியோர் பிந்தியோர் என்ற முறையும் அக்காலச் சபைகளில் நிலவின. நற்செய்தியைச் சுமந்து வந்த மிஷனெரி அறிக்கைகளும் அம்மக்களை அந்த ஆங்கிலச் சொல்லாலேயே எழுதி, அச்சொல் பரவக் காரணமாயின. அம்மக்களுக்கு நிலம் பெற உழைத்தவர்களின் எழுத்தும் இதற்கு விலக்கன்று.

சரியான வழக்கு

நம் போதகர்களும் இறையியல் மாணவர்களும் ஆங்கில விளக்கவுரைகளை வாசித்துத் தமிழில் போதிக்கின்றனர். அவ்விளக்கவுரைகளில் ஆயக்காரரையும் குஷ்டரோகிகளையும் சமாரியரையும் ‘சமுதாயப் பரையாக்கள்’ என்று எழுதியிருப்பதைப் பலகாலும் காண்கிறோம். அதனை அவ்வண்ணமே ஆங்கில ஆராதனையிலோ கட்டுரையிலோ எடுத்தாள்வோர் உளர். எனவே, தொடர்புடைய சில சொற்களின் நுட்பத்தை அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, ‘அவுட்காஸ்ட்’. ஒலியால் ஒன்றாகத் தோன்றும் இரு ஆங்கிலச் சொற்கள் உள. வெளியே தள்ளப்பட்டவன் என்று பொருள்படும் பழைய சொல் ஒன்று. அது ஆங்கிலேயர் இந்தியாவை அறியுமுன்னரே வழங்கியது. இறுதியில் ‘ஈ’ எழுத்துப் பெற்று, சாதிக்குப் புறம்பானவன் என்று பொருள்படுவது மற்றொன்று. ‘காஸ்தா’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லோடு முன்னதைப் பிணைத்து 19ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்டது. ஆங்கிலத் திருமறையில் ஏசாயா 11ஆம் அதிகாரத்திலும் 147ஆம் சங்கீதத்திலும் வருவது முன்னதே. நம் திருமறை அதனைத் ‘துரத்துண்டவர்கள்’ என அழகுறப் பெயர்த்துள்ளது. அங்கே சாதியைப் புகுத்துவது மூலத்தில் இல்லாததைப் புகுத்துவதாகும்.

இரண்டாவது, ‘ஆஸ்ட்ரசைஸ்’. சமுதாயத்தால் விலக்கிவைத்தல் என்பது இதன் பொருள். ஏதென்ஸ் நகரத்தார் ஒருவரை நாடுகடத்த வேண்டின், மண்பாண்டத்தின் உடைந்த ஓட்டில் அவர் பெயரைக் கீறி வாக்களித்தனர். ஓட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். 2 கொரிந்தியர் 4ஆம் அதிகாரத்தில் ‘மண்பாண்டங்கள்’ என்னுமிடத்துப் பவுல் ஆளும் சொல்லும் அவ்வேரினதே. ஒதுக்கப்பட்டோரைக் குறிக்க விரும்பும் ஆங்கில எழுத்தாளருக்கு இவ்விரு சொற்களும் போதும். எந்தச் சமூகத்தின் பெயரையும் கடன் வாங்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, ‘ஸ்கேப்கோட்’. வில்லியம் திண்டேல் 1530இல் ஐந்தாகமங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது லேவியராகமம் 16ஆம் அதிகாரத்திற்காக ஆக்கிய சொல் இது. பிறர் குற்றத்தைச் சுமத்தப்படும் நிரபராதி என்பது இன்றைய பொருள். தமிழ்ச் செய்தித்தாள்கள் இதனைப் ‘பலிகடா’ என்று பெயர்க்கின்றன. இது பொருந்தாது. அவ்வதிகாரத்தில் ஆடுகள் இரண்டு. கொல்லப்படுவது கர்த்தருக்குரிய ஆடு. மற்றதோ உயிரோடே, மக்களின் அக்கிரமங்களைச் சுமந்து வனாந்தரத்திற்கு அனுப்பப்படுகிறது. நம் திருமறை வழங்கும் ‘போக்காடு’ என்ற சொல்லே இவ்வேறுபாட்டைக் காக்கின்றது. ‘பரையா’ என்ற சொல்லின் வரலாற்றை நோக்குங்கால், அதுவும் ஒரு போக்காடே எனத் தோன்றுகின்றது: தான் செய்யாத குற்றத்தைத் தலையில் ஏற்று, நாடு நாடாக ஓட்டப்பட்ட பெயர் அது.

ஒரு மறுப்பும் விடையும்

‘ஆங்கிலத்தில் அச்சொல் மூலப்பொருளை இழந்துவிட்டது, கட்டுமரம் இரட்டைக் கலமானதைப் போல இதுவும் மாறிவிட்டது, சொல்பவர் மனத்தில் தீங்கு இல்லை’ என்று சிலர் கூறலாம். தொலைவிலுள்ள ஒருவர் அறியாமல் சொல்வதற்கு இவ்விடை ஓரளவு பொருந்தும். மூலத்தை அறிந்த நமக்குப் பொருந்தாது. கட்டுமரத்திற்குச் செவி இல்லை. இப்பெயருக்குரியவர்க்கோ செவி உண்டு. அவர்கள் நம் சபைகளின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். செங்கற்பட்டுப் பகுதித் திருச்சபைகளைப் பாடுபட்டு நிலைநிறுத்தியவர்களுள் அவர்களுடைய முன்னோர் தலையாயவர். விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றைப் புசிப்பது குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, அறிவுள்ளவனின் அறிவு சகோதரனுக்கு இடறலாகக் கூடாது என்றே முடித்தார். உணவுக்குப் பொருந்திய நெறி சொல்லுக்கும் பொருந்தும். மேலும், பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைத் தடைசெய்யும் கற்பனை நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. ஒரு மக்களினத்தின் பெயரை ‘விலக்கத்தக்கவன்’ என்ற பொருளில் வழங்குவது, அவர்களுக்கு விரோதமாக ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் பொய்ச்சாட்சியே. பொதுவிடத்தில் சாதிப்பெயரால் ஒருவரை இழித்துரைப்பதை நாட்டுச் சட்டமே குற்றமாக்கியுள்ளது. பிரசங்க பீடம் சட்டத்தினும் தாழ்ந்த நெறியில் நிற்கலாமா?

ஆதலின், அச்சொல்லை உருவகமாக நாம் எழுத வேண்டா. வரலாற்றைக் கூறுமிடத்தும், நூலின் அல்லது அறிக்கையின் பெயராக வருமிடத்தும் மறைக்கவும் வேண்டா. மறைத்தால் நடந்த அநீதியும் மறைந்துவிடும். பிறர் எழுதியதை எடுத்துக்காட்ட நேரின், அதன் வரலாற்றை ஒரு வரியிலேனும் மாணவருக்கு உணர்த்துவோமாக. அம்மக்களைக் குறிக்க வேண்டுமிடத்து, அவர்கள் தாமே தெரிந்துகொண்ட பெயரை வழங்குவோமாக.

மற்றொன்றும் நம் சிந்தனைக்குரியது. நற்செய்தியை அறிவித்தலை நாம் ‘பறைசாற்றுதல்’ என்கிறோம். அச்சொல்லில் ஒலிப்பது எவருடைய கருவி? செங்கற்பட்டுப் பகுதிக் கிராமங்களில் ஊழியம் செய்த இறையியலாளர் சத்தியநாதன் கிளார்க், 1998இல் வெளிவந்த தம் நூலில், இம்மக்களின் பறையையே கிறிஸ்துவை உணர்த்தும் குறியீடாகக் கொண்டு ஆராய்ந்தார். பாளயத்துக்குப் புறம்பே பாடுபட்டவரை அறிவிக்கும் திருச்சபைக்கு, ஊருக்குப் புறம்பே ஒலித்த அக்கருவி அந்நியமானதன்று. பறைசாற்ற வந்த நாம், அந்தப் பறையை முழக்கியவர்களின் பெயரை வசையாக்காதிருப்பதே சொல்லின் சரியான வழக்கிற்கு முதற்பாடமாகும்.